தெளிவான நாள் பார்த்து

மீட்டரைத்தான பாக்குறீங்க? பாருங்கண்ணே, நல்லாப் பாருங்க. திருப்பியெல்லாம் வைக்கல. வண்டி வாங்க வர்ற ஆளு பூராம் அதத்தான் மொதல்ல கேக்குறாக. நாலு வருசத்து வண்டி, ரெண்டாயிரம் கிலோமீட்டரு கூட ஓடலயே, என்ன வில்லங்கம்னு. வில்லங்கம் வண்டில இல்லண்ணே. விருதுநகர்ல இருந்து இம்புட்டுத் தூரம் வந்துட்டு நின்னுக்கிட்டே பேசுனா எப்படி? உக்காருங்க, டீ வருது. அந்தப் பாயை மட்டும் மிதிச்சுராதீங்க, அப்பளம் காயுது.

நமக்கு இதான் தொழிலு. முப்பது வருசமாச்சு. காலைல எந்திரிச்சதும் மொத வேலை வானத்தப் பாக்குறதுதான், பல்லு வெளக்குறதெல்லாம் அதுக்குப் பெறகுதான். உளுந்து மாவு பிசைஞ்சுட்டு வெயிலு வரலேன்னு வைங்க, அம்புட்டும் பூத்துப்போகும், மாட்டுக்குக் கூட ஆகாது. அதனால மேகத்த நம்புற பழக்கம் எனக்குக் கெடையாது. போன்ல வானிலைக்கு மட்டும் மூணு ஆப்பு வச்சிருக்கேன். மூணும் ஒண்ணாச் சொன்னாத்தான் மாவுல கைய வைப்பேன். ஆப்பு பொய் சொல்லும், தட்டான் பொய் சொல்லாது. தட்டான் தாழப் பறந்துச்சுன்னா பாயச் சுருட்டிரணும்.

வண்டி ஏன் ஓடலன்னு கேட்டீங்க, அதுக்கு வாறேன். இந்த வண்டிய வாங்கச் சொன்னதே சவரிமுத்துதான். பின்னாடி தெருதான் அவனுக்கு. ஒம்பதாப்புல ரெண்டு பேரும் ஒண்ணா ஃபெயிலானோம், அதுல இருந்து என்னைய குருன்னு பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்ல, மாப்ள மாப்ளதான். அவன் கவர்மென்ட் பஸ்ல டிரைவரு. மதுரையில எடுத்தா போடி, போடியில எடுத்தா மதுரை. இருவத்திரெண்டு வருசம் அதே ரோடுதான். வேற ரூட்டு குடுத்தப்பக் கூட வேணாம்னுட்டான்.

நீங்க போடி போயிருக்கீங்களா? பஸ் ஸ்டாண்டுல நின்னா மேற்கால மலை அப்படியே எதுக்க நிக்கும். போடிமெட்டு ரோடு அதுல வளைஞ்சு வளைஞ்சு ஏறுறது கோடு கிழிச்ச மாதிரி தெரியும். இவன் தெனம் அங்க டீயக் குடிச்சுக்கிட்டே அதப் பாப்பான். டீ முடிஞ்சதும் வண்டிய மதுரைக்குத் திருப்பணும். ஒருநா எங்கிட்டச் சொன்னான், "மாப்ளே, இருவத்திரெண்டு வருசமா அந்த மலைதான் என்னையப் பாக்குது. ஒருக்கா நான் அது மேல ஏறி நின்னு, நான் ஓட்டுன ரோட்டப் பாக்கணும்டா." அம்புட்டுத்தான் அவன் ஆசை. பஸ்ல போக வேண்டியதுதானடான்னேன். "பாதி ஆயுசு பஸ்ல போச்சு, இதுக்காச்சும் காத்து மூஞ்சில அடிக்கப் போகணும். நீ ஓட்டு, நான் பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்குறேன். ஒரு நாளாச்சும் நான் ஸ்டியரிங்கத் தொடாம போறேன்"னான். அப்பறம் அவனே ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, உக்காந்து பாத்து, பின் சீட்ட அமுக்கிப் பாத்து எடுத்ததுதான் இந்த புல்லட்டு.

பிளான் போடுறதுல என்னைய அடிச்சுக்க ஆளில்லண்ணே. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போட்டேன். மூணு நாள் லீவு சேந்தாப்புல வரணும். மொத நா மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி, மேல மூணாறு. ரெண்டாம் நா மறையூரு. மூணாம் நா உடுமலைப்பேட்டை எறங்கி, பழனி வழியா வீடு. எங்க டீ, எங்க பெட்ரோலு, எந்த ஊர்ல பஞ்சர் கடை, கடைக்காரர் நம்பரு, எல்லாம் எழுதியிருக்கேன். மாத்துத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அந்தப் பை நனையாம இருக்க இன்னொரு பை. சவரி அத வாசிச்சுப் பாத்துட்டு, "மாப்ளே, இதுல கல்யாணமே முடிச்சுரலாம்டா"ன்னு சிரிச்சான்.

மொதல்ல ஆயுத பூசை லீவுக்குப் போறதா இருந்துச்சு. மூணு ஆப்புல ரெண்டு மழைன்னுச்சு. வேணாம்னுட்டேன். சாயங்காலம் நாலு தூறல் விழுந்துச்சு. நாலு தூறல்னாலும் மழை மழைதான? அடுத்து பொங்கல். தை பொறந்தா வழி பொறக்கும் மாப்ளேன்னு ராகம் போட்டுக்கிட்டே பையத் தூக்கிட்டு வந்தான். ஆனா கார்த்திகை, மார்கழி பூராம் மூட்டமா இருந்து, அன்னிக்குத்தான் வெயிலு பளீர்னு அடிக்குது. ஒரு மாச ஆர்டரு நிக்குது. அப்படி ஒரு வெயில விட்டுட்டு யாராச்சும் ஊர் சுத்தப் போவாகளா? நீங்களே சொல்லுங்க. அவன் பைய ஓரமா வச்சுட்டு, சட்டையக் கழட்டிட்டு, எங்ககூட அப்பளம் பரப்பிக் குடுத்தான்.

எம் பொஞ்சாதி விசாலம் கேலி பண்ணுவா. "மழை பெஞ்சா டூரு கெடையாது, வெயில் அடிச்சா வேலை. உங்களுக்கு மழையும் இல்லாம வெயிலும் இல்லாம ஒரு நாளு வேணும், அத சாமி இன்னும் படைக்கல"ம்பா. அவளுக்கு என்ன தெரியும் தொழிலு?

அந்த வருசந்தான் அவனுக்குக் கண்ணு போக ஆரம்பிச்சுச்சு. டிரைவருமாருக்குக் கண்ணு பாப்பாகள்ல, அதுல பிடிச்சுட்டாக. கண்ணழுத்தமாம். வலி கெடையாது, ஒண்ணும் கெடையாது, ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டே வருமாம். எடது கண்ணு பாதிக்கு மேல போயிருச்சு, இவனுக்கே தெரியல. போனது வராது, இருக்கறதக் காப்பாத்த மருந்து விடுங்கன்னுட்டாக. ஸ்டியரிங்க வாங்கிட்டு டெப்போல லைட் டூட்டி குடுத்துட்டாக. அன்னிக்கு சாயங்காலம் இங்கதான், இந்தா நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்து சொன்னான். "மாப்ளே, ரெண்டு வருசம் தாங்கலாம்ங்கிறாரு டாக்டரு. வெரசா ஒருக்கா போயிட்டு வந்துருவமா?"

நான் அழுதுட்டேண்ணே. பொய் சொல்லல. அன்னிக்கு ஒரு முடிவெடுத்தேன். அவன் பாக்கப்போறது ஒரே ஒரு தடவை. அப்ப அது தெளிவா இருக்கணுமா, இல்லையா? மேல ஏறுனா மேகம் வந்து மூடிக்கிட்டு, அஞ்சடி தூரத்துல ஒண்ணும் தெரியலேன்னு வைங்க, ஏமாந்து போவான்ல. அதனால முன்ன விட இன்னும் கவனமா நாள் பாக்க ஆரம்பிச்சேன். அவனுக்காகத்தான் பாத்தேன்.

பெரிய வெள்ளிக்கு லீவு சேந்து வந்துச்சு. அவன் வாறேன்னுதான் சொன்னான். நான்தான் டேய், ஏசு உசுர விட்ட நாள்ல கோயிலுக்குப் போகாம மூணாறுக்குப் போனா பாவம்டான்னு சொல்லிட்டேன். "ஏசுகிட்ட நான் பேசிக்கிறேன் மாப்ளே, நீ வண்டிய எடு"ங்கிறான். எப்படி எடுக்குறது? கோடை மழை வேற மேகத்தக் கூட்டுது. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மலையாளத்துப் பக்கம் பேய் மழை. அதுக்கெல்லாம் நான் என்ன பண்ண முடியும்? மேகத்த நானா கூப்டேன்?

ஏம்மா, அந்த ஓரத்துப் பாயைத் திருப்பிப் போடு, நிழலு விழுகுது. நீங்க டீயக் குடிங்கண்ணே, ஆறுது.

அப்பறம் ஒரு விஜயதசமி. வெள்ளிக்கெழமை, சனி, ஞாயிறு, மூணு நாளு. மூணு ஆப்பும் வெயிலுன்னுச்சு. தட்டானும் ஒசரத்துல பறக்குது. காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பிட்டோம். நெசமாவே கெளம்பிட்டோம்ணே. அவன் பொஞ்சாதி ஞானம் தெருமுனை வரைக்கும் வந்து நின்னுச்சு. சவரி பின்னாடி உக்காந்துக்கிட்டு வாய மூடல. இந்தா இந்த வளைவுலதான் மாட்டு வண்டி குறுக்க வந்துச்சு, இந்தா இந்தக் கடையில சோடா குடிச்சுத்தான் கண்டக்டருக்கு வாந்தி நின்னுச்சுன்னு, ரோடு முழுக்க அவனுக்குக் கதைதான். சின்னப் பய மாதிரி இருந்தான்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுனோம். எதுக்க மேற்கு மலை பூராம் மேகம். கறுப்பா, இடுப்பு வரைக்கும் எறங்கி நிக்குது. ரெண்டு சொட்டு கையில விழுந்துச்சு. நான் வண்டிய ஓரங்கட்டிட்டுப் போனப் பாத்தா, மூணு ஆப்பும் கட்சி மாறிருச்சு. தொண்ணூறு சதவீதம் மழையாம். அவன்கிட்டக் காட்டுனேன். அவன் போன வாங்கக்கூட இல்ல. "மாப்ளே, இது காலை மேகம். வெயிலு ஏறுனா ஒரு மணி நேரத்துல கலைஞ்சுரும். இருவத்திரெண்டு வருசமா இதே எடத்துல நின்னு பாத்திருக்கேன். அந்த போனு எந்தூர்ல உக்காந்து பாக்குது?"ன்னான். நான் கேக்கல. மழையில நனைஞ்சு உனக்குக் காய்ச்சல் வந்தா ஞானத்துக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னேன். "நனைஞ்சா காயப்போறோம். நாம என்ன அப்பளமாடா?"ன்னான்.

அந்த நேரம் பாத்து விசாலம் போன் பண்ணுறா. இங்க மதுரையில வானம் வெளுத்துக் கெடக்கு, விஜயதசமியும் அதுவுமா பேருக்காச்சும் வேலையத் தொடங்கணும்னு ஆளுக வந்து நிக்கிறாக, மாவு பிசையச் சொல்லவான்னு கேட்டா. பிசையச் சொல்லு, வந்துர்றேன்னேன். நான் திரும்புனதுக்கும் அந்தப் போனுக்கும் சம்பந்தம் கெடையாதுண்ணே. அதத் தெளிவா சொல்லிர்றேன். நான் மேகத்தப் பாத்துத்தான் திரும்புனேன்.

வண்டியத் திருப்புனப்ப அவன் ஏறி உக்காந்துட்டுப் பின்னாடி திரும்பி மலையப் பாத்தான். எனக்குக் கண்ணாடில தெரிஞ்சுச்சு. ரோடு வளையுற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தான். அன்னிக்கு அவனுக்கு வலது கண்ணு நல்லாத் தெரியும். பஸ்ஸுல இருக்கற போர்ட தூரத்துல இருந்தே வாசிப்பான். ஒம்பது மணிக்கு வீட்டுக்கு வந்துட்டோம். அன்னிக்குப் போட்ட அப்பளம் அம்புட்டும் நல்லாக் காஞ்சுச்சு.

சாயங்காலம் அவன் டெப்போ ஆளு ஒருத்தர் போடியில இருந்து வந்தாரு. அங்க மழையான்னு கேட்டேன். மழையா, பொட்டுத் தூறல் இல்ல, ஒம்பது மணியில இருந்து சுள்ளுன்னு வெயிலுன்னாரு. சவரி பக்கத்துலதான் நின்னான். நான், கீழ இருந்திருக்காது, மேல பேஞ்சிருக்கும்னேன். "ஆமா மாப்ளே, மேல பேஞ்சிருக்கும்"னான். அவனே சொல்லிட்டான் பாருங்க.

அதுக்கப்பறம் ஒரு வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு. லீவு வந்துச்சு, போச்சு. ஒண்ணு மழை, இல்லேன்னா நல்ல வெயிலு. அவனுக்குக் கண்ணாடி தடிச்சுக்கிட்டே வந்துச்சு, அப்பறம் கறுப்புக் கண்ணாடி போட்டான், கூச்சமா இருக்குன்னான். எப்படிடா இருக்குன்னா, கஞ்சித் தண்ணி வழியாப் பாக்குற மாதிரி கொஞ்சம் தெரியுது மாப்ளேம்பான். வேற யாரு கூடயாச்சும் போயிட்டு வாங்கன்னு ஞானம் சொல்லுச்சாம். குரு கூடத்தான் போவேன், அவன் எனக்காக நாள் பாத்துக்கிட்டு இருக்கான், நான் பாட்டுக்குப் போயிட்டா அவன் மனசு ஒடிஞ்சு போகும்னானாம். அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பின்னாலதான் தெரியும்.

போன குடியரசு தினத்துக்கு மூணு நாள் லீவு சேந்துச்சு. மேகம் ஒரு துண்டு கெடையாது. அப்பளத்துக்கும் அப்படி ஒரு வெயிலு. மூணு நாளு தொழில நிறுத்துனேண்ணே. முப்பது வருசத்துல நான் நல்ல வெயில விட்டது அந்த மூணு நாளுதான். போயிட்டு வாறேன்னு விசாலத்துக்கிட்டச் சொன்னா, அவ ஒரு பழமொழிய ஆரம்பிச்சா. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு அவளே வாயப் பொத்திக்கிட்டா. உங்களுக்கும் தெரிஞ்ச பழமொழிதான்.

அவன் என் தோளப் பிடிச்சு ஏறுனான். வண்டி கெளம்புனதும் பழைய ஆளாயிட்டான். "இப்ப செக்கானூரணி வரும் பாரு. மாப்ளே, மெதுவா, வேகத்தடை. உசிலம்பட்டி வந்துருச்சு, கறிவேப்பிலை வாசம் வருதா, சந்தைப் பக்கம் போறோம். கணவாய் ஏறப்போறோம், கியரக் கொறை"ன்னு, ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே வந்தான். சொன்ன எடத்துல சொன்னது இருந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. பரவாயில்லடா, இன்னும் இம்புட்டுத் தெரியுதேன்னு நெனச்சேன். தேனியில டீ குடிக்கையில கிளாஸ மேசைக்கு வெளிய வச்சு ஒடச்சுட்டான். கை தவறிருச்சுன்னான். சரின்னு விட்டுட்டேன்.

போடி பஸ் ஸ்டாண்டு தாண்டுனோம். தாண்டுனதும் பேச்சு நின்னுபோச்சு.

மொத வளைவு, ரெண்டாம் வளைவு, ஏறிக்கிட்டே இருக்கோம், அவன் வாயத் தொறக்கல. மலையப் பாத்து மலைச்சுப் போயி உக்காந்திருக்கான், ரசிக்கட்டும்னு நானும் பேசல. இருவத்திரெண்டு வருச ஆசையில்லையா. நான் அழுதுக்கிட்டேதாண்ணே ஓட்டுனேன், சந்தோசத்துல. ஹெல்மெட்டுக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது?

போடிமெட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவுல வண்டிய நிறுத்துனேன். அப்படி ஒரு தெளிவ நான் பாத்ததில்லண்ணே. கீழ போடி தீப்பெட்டி அடுக்குன மாதிரி கெடக்கு. தென்னந்தோப்பு, கம்மாய், தேனிக்குப் போற ரோடு, அம்புட்டும் தனித்தனியாத் தெரியுது. ரோட்டுல ஒரு பஸ்ஸு போகுது, அது கூடத் தெரியுது. நான் அவன் கையப் பிடிச்சு எறக்கி விட்டுட்டு, "பாருடா"ன்னேன். அவன் கண்ணாடியக் கழட்டுனான். மூச்ச நல்லா இழுத்து விட்டான். "யப்பா, என்னா தெளிவு மாப்ளே"ன்னான். அப்பறம் கைய நீட்டி, "அந்தா பாரு, நம்ம ரோடு. பஸ்ஸு போகுது பாரு, நம்ம டெப்போ வண்டிதான்"னான்.

நான் அவன் விரல் காட்டுன பக்கம் பாத்தேன். அது ஊர் இருக்கற பக்கம் இல்லண்ணே. பள்ளம் அவனுக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு. அவன் காட்டுன எடத்துல பாறைதான் இருந்துச்சு. அதுல வெள்ளப் பெயிண்டுல ஒலி எழுப்பவும்னு எழுதியிருந்துச்சு.

அங்கிட்டு இல்லடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அப்பத்தான் ஒவ்வொண்ணாத் தெரியுது. வேகத்தடையவும் சந்தையவும் அவன் கண்ணால பாத்துச் சொல்லல. ஓட்டி ஓட்டி அவன் ஒடம்புல ஏறிப்போன ரோடு அது. போடியத் தாண்டுனா அவனுக்கு ரோடு தெரியாது, அதான் பேச்சு நின்னுபோச்சு. எத்தன மாசமா இப்படி இருக்கான்னு எனக்குத் தெரியல. நான் கேக்கவும் இல்ல. "ஆமா மாப்ளே, நம்ம டெப்போ வண்டிதான்"னேன்.

அவன் பாறையப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். காத்து அவன் சட்டையத் தூக்கி அடிக்குது. சிரிச்ச மொகமா இருந்தான். கையால துழாவி என் தோளப் பிடிச்சான். "மாப்ளே, நீ அன்னிக்கு ஆண்டிபட்டியில திரும்புனது சரிதாண்டா. அன்னிக்கு வந்திருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது"ன்னான்.

நான் ஆமான்னேன்.